ராத் கன்வர்ஷன்: ஓய்வுபெற்றவர்கள் கேட்கும் வரிக் கேள்விகள்

அமெரிக்காவில் இருபது முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஆட்கள் பலருக்குச் சேமிப்பின் பெரும்பகுதி 401கே-யிலும் (வேலையிடம் வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலக் கணக்கு) ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-விலும்தான் (நாமே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கு) கிடக்கிறது. அதை ராத் ஐஆர்ஏ-வுக்கு மாற்றலாமா, மாற்றினால் எவ்வளவு வரி என்ற பேச்சு இப்போதெல்லாம் கோயில் கேன்டீனில் இட்லித் தட்டோடு நிற்கும்போதுகூட வந்துவிடுகிறது. நான் வரி ஆலோசகன் இல்லை. நியூ ஜெர்சியில் ஓய்வுபெற்று, சில வருடங்களாக என் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவருபவன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு ஆண்டு என்று சொல்லாத இடங்களில் எண்கள் 2026 வரி ஆண்டுக்கானவை. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கன்வர்ஷன் என்றால் என்ன? ராத் என்பது என்ன பெயர்?

வில்லியம் ராத், டெலவேர் மாநிலத்தின் செனட்டர். 1997-ல் வந்த வரிச் சட்டத்தில் உருவான கணக்குக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ட்ரெடிஷனல் ஐஆர்ஏ-வில் போடும்போது வரிச் சலுகை. எடுக்கும்போது முழுத் தொகைக்கும் சம்பளம் போல வரி. ராத்தில் நேர் தலைகீழ்: வரி கட்டிய பணம் உள்ளே போகும், விதிப்படி எடுத்தால் வளர்ச்சியோடு சேர்த்து வரியே இல்லை. முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்குப் பணத்தை நகர்த்துவதுதான் கன்வர்ஷன். நகர்த்தும் வருடத்தில் அந்தத் தொகை உங்கள் வருமானத்தோடு சேரும். முன்பு வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டியவர்கள் மாற்றவே முடியாது; 2010 முதல் அந்தத் தடை இல்லை. எவ்வளவு மாற்றலாம் என்பதற்கும் உச்சவரம்பு கிடையாது.

எப்படியும் கட்டவேண்டிய வரிதானே? இப்போதே கட்டி என்ன லாபம்?

இன்றைய வரி விகிதமும் பின்னால் எடுக்கும்போது இருக்கும் விகிதமும் ஒன்றே என்றால் லாபமே இல்லை. 10,000 டாலரை விட்டுவைத்து, அது 20,000 ஆனபின் 22% கட்டினால் மிஞ்சுவது 15,600. இன்றே 22% கட்டி 7,800-ஐ ராத்தில் போட்டு, அது இரட்டிப்பானால் அதே 15,600. "ராத்தில் வரியில்லாமல் வளரும்" என்று ஆர்ப்பாட்டமாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. விகிதம் குறைவாக இருக்கும் வருடமாகப் பார்த்துக் கட்டினால்தான் ஆதாயம். ஆகவே "மாற்றலாமா" என்பதைவிட "எந்த வருடம், எந்த வரி அடுக்கின் கோடு வரைக்கும்" என்று கேட்பதுதான் பயன் தரும்.

சரி, கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 66, மனைவிக்கு 65. இருவரும் வேலையை விட்டாயிற்று. சோஷியல் செக்யூரிட்டியை (அரசு தரும் ஓய்வூதியம்) 70 வயது வரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். வங்கி வட்டி வருடத்துக்கு 8,000 டாலர். செலவுக்குக் கையில் சேமிப்பு இருக்கிறது. ஐஆர்ஏ-வில் 12 லட்சம் டாலர்.

ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) 32,200. இருவரும் 65-ஐத் தொட்டதால் ஆளுக்கு 1,650 கூடுதல். 2025 முதல் 2028 வரை மட்டும் மூத்தவர்களுக்கென்று தரப்படும் கழிவு ஆளுக்கு 6,000. ஆகமொத்தம் 47,500 டாலர் வரைக்கும் வரியே கிடையாது. அதற்கு மேல் முதல் 24,800-க்கு 10%, அங்கிருந்து 1,00,800 வரை 12%, பிறகு 22%.

இந்த 12% அடுக்கை விளிம்பு வரை நிரப்பினால் அவர்கள் 1,40,300 டாலரை ராத்துக்கு மாற்றலாம். வரி 11,600. மாற்றிய தொகையில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒன்றும் மாற்றாமல் இருந்தால் அந்த வருடம் வரி பூஜ்யம். பயன்படுத்தாமல் விட்ட கழிவு அப்படியே வீண்.

இதே தம்பதி ஆசைப்பட்டு 2 லட்சம் மாற்றினால்? வரி 26,265 ஆகிறது. கூடுதலாக மாற்றிய 59,700-க்கு மட்டும் 14,665. அதாவது 24.6%. அடுக்கு 22% என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்பீர்கள். வருமானம் 1,50,000-ஐத் தாண்டினால் அந்த மூத்தவர் கழிவு கரைய ஆரம்பிக்கும், அதுதான் வித்தியாசம். பட்டியலில் போட்டிருக்கும் விகிதத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 75 வயதில் ஆர்எம்டி, அதாவது கட்டாயமாக எடுக்கவேண்டிய தொகையை எடுக்கத் தொடங்க வேண்டும். அதற்கு முந்தியவர்களுக்கு இப்போது 73. நம் தம்பதியின் 12 லட்சம் வருடத்துக்கு 6% வளர்ந்தால் அதற்குள் சுமார் 20 லட்சம். 75 வயதில் கணக்கு இருப்பை வகுக்கும் எண் 24.6, ஆக முதல் வருடமே 81,300 டாலர் வெளியே எடுத்தாக வேண்டும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கூடவே இருவருக்கும் சேர்த்து சோஷியல் செக்யூரிட்டி 60,000 என்று வையுங்கள். அதில் 85% வரிக்கு வரும். வட்டி 8,000. இன்றைய அடுக்குகளிலேயே போட்டால் வரி சுமார் 12,480. பயப்படும்படி ஒன்றுமில்லை.

பிறகு கணவர் காலமாகிறார். இறந்த வருடம் கூட்டாகத் தாக்கல் செய்யலாம். மறுவருடம் முதல் தனியாள் அடுக்கு. இரண்டு சோஷியல் செக்யூரிட்டியில் பெரியது மட்டும் நிற்கும், 36,000 என்போம். குடும்ப வருமானம் 24,000 குறைந்துவிட்டது. வரி எவ்வளவு தெரியுமா? 17,097. வருமானம் இறங்க, வரி ஏறுகிறது. தனியாளுக்கு 22% அடுக்கு 50,400-லேயே தொடங்கிவிடுவதுதான் காரணம். மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கூடுதல் கட்டணத்துக்கான 1,09,000 வரம்பையும் அந்த அம்மா தாண்டிவிடுவார்.

எட்டு சதவீதத்தில் முடிந்திருக்கவேண்டியதை 22 சதவீதத்தில் துணையின் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம். கன்வர்ஷன் செய்ய எனக்கிருந்த காரணங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்படியானால் சரியான வயது எது?

சம்பளம் நின்ற நாளுக்கும், சோஷியல் செக்யூரிட்டியும் ஆர்எம்டியும் தொடங்கும் நாளுக்கும் நடுவே உள்ள காலம். சிலருக்கு அது பத்து வருடம், சிலருக்கு இரண்டே வருடம். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் நகர்த்தாமல் இந்த இடைவெளி முழுக்கப் பரப்பி, ஒவ்வொரு வருடமும் ஒரு கோடு வரை நிரப்புவதே வழக்கம்.

65-க்கு முன்பே ஓய்வுபெற்று, அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் மானியத்தோடு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் மட்டும் நிதானிக்க வேண்டும். மாற்றும் தொகை வருமானமாகச் சேர்ந்து மானியத்தைத் தின்றுவிடும். மெடிகேர் வரும்வரை காத்திருப்பது பல நேரம் மலிவு.

சோஷியல் செக்யூரிட்டி வாங்க ஆரம்பித்துவிட்டேன். இனி பயனில்லையா?

பயன் உண்டு, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மற்ற வருமானத்தோடு சோஷியல் செக்யூரிட்டியில் பாதியைக் கூட்டுங்கள். அது 32,000-ஐத் தாண்டினால் உதவித்தொகையில் ஒரு பங்கு வரிக்கு வரும். 44,000-ஐத் தாண்டினால் அந்தப் பங்கு 85% வரை ஏறலாம். இந்த வரம்புகள் 1983-லும் 1993-லும் வைத்தவை. விலைவாசி எவ்வளவு ஏறியும் யாரும் தொடவில்லை.

அந்த ஏறுமுகப் பகுதியில் நீங்கள் 1,000 டாலரை ராத்துக்கு மாற்றினால், கூடவே 850 டாலர் சோஷியல் செக்யூரிட்டியும் வரிக்கு இழுக்கப்படும். 12% அடுக்கில் இருப்பவருக்கு நிஜ விகிதம் 22.2% ஆகிவிடுகிறது. ஏற்கெனவே 85% முழுதாக வரிக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பங்குகளை விற்று லாபம் எடுப்பவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று: வரிக்குரிய வருமானம் 98,900-க்குள் இருந்தால் நீண்டகால லாபத்துக்கு வரி 0%. கன்வர்ஷன் அந்த லாபத்தை மேலே தள்ளி 15%-க்குக் கொண்டுபோய்விடும்.

மெடிகேர் பிரீமியம் ஏறும் என்கிறார்களே?

ஏறும், அதுவும் இரண்டு வருடம் கழித்து. இதற்கு இர்மா என்று பெயர். கேட்கப் பெண் பெயர் மாதிரி இருக்கும், வந்தால் மாதாமாதம் வசூல்தான். 2026 பிரீமியத்தை 2024 வருமானத்தை வைத்து முடிவு செய்தார்கள். தம்பதிக்கு வரம்பு 2,18,000. அதற்குள் இருந்தால் பார்ட் பி (மருத்துவர் செலவுக்கான பகுதி) மாதம் 202.90. ஒரே ஒரு டாலர் தாண்டினாலும் 284.10, பார்ட் டி-க்கு (மருந்துக்கான பகுதி) மேலும் 14.50. இருவருக்கும் வருடத்துக்கு 2,297 டாலர் கூடுதல். வருமான வரி போலப் படிப்படியாக ஏறாது. செங்குத்தாக நிற்கும் சுவர்.

இதில் நான் அடிபட்டவன். 2023 டிசம்பர் 29-ம் தேதி, கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டு மாற்றச் சொன்னேன். "ரிக்வெஸ்ட் போட்டாச்சு சார்" என்றார் அந்தப் பையன். நானும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டேன். பணம் நகர்ந்தது ஜனவரி 3. அதைக் கவனிக்காமல் 2024 கோடையில் வழக்கம்போல இன்னொரு தொகையை மாற்றினேன். ஒரே வருடத்தில் இரண்டு! வரம்பை 1,900 டாலர் தாண்டியிருந்தேன். 2025 கடைசியில் கடிதம் வந்தபோதுதான் உறைத்தது. 1,900-க்காக 2,297.

மேல்முறையீடு செய்யலாமே என்று மனைவி சொன்னாள். எஸ்எஸ்ஏ-44 என்ற படிவம் இருக்கிறது. ஆனால் வேலை நின்றது, துணை இறந்தது, விவாகரத்து போன்ற வாழ்க்கை மாற்றங்களுக்குத்தான் அது. கன்வர்ஷன் அந்தப் பட்டியலில் இல்லை. நல்லவேளை, தண்டனை ஒரு வருடத்தோடு முடியும். இப்போது நான் நவம்பரிலேயே வேலையை முடித்துவிடுகிறேன். வரம்புக்கு ஐயாயிரம் டாலர் கீழேயே நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வருட வருமானத்துக்கான வரம்பு அறிவிக்கப்படும்போது இந்த வருடமே முடிந்திருக்கும்.

கெடு ஏப்ரல் 15 வரை இல்லையா?

இல்லை. ஐஆர்ஏ-வில் புதிதாகப் பணம் போடத்தான் ஏப்ரல் வரை அவகாசம். மாற்றுவதற்கு டிசம்பர் 31; அதற்குள் கணக்கை விட்டுப் பணம் வெளியேறியிருக்க வேண்டும்.

வரியை எங்கிருந்து கட்டுவது? மாற்றும் பணத்திலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா?

59½ வயது தாண்டியிருந்தால் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த அளவுக்கு ராத்தில் குறையும். வங்கியிலோ சாதாரண முதலீட்டுக் கணக்கிலோ பணம் இருந்தால் அங்கிருந்து கட்டுவதே நல்லது. 59½-க்குக் கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொள்ளச் சொல்லவே கூடாது: பிடித்த தொகை ராத்துக்குப் போகாததால் அதை முன்கூட்டி எடுத்ததாகக் கொண்டு 10% அபராதமும் விழும்.

சம்பளம் இல்லாத காலத்தில் வரியை நீங்களேதான் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும்: ஏப்ரல், ஜூன், செப்டம்பர், மறு ஜனவரி, பொதுவாக 15-ம் தேதி. போன வருட மொத்த வரிக்குச் சமமான தொகையை இந்தத் தவணைகளில் கட்டிவிட்டால் அபராதம் வராது. போன வருட வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் 110% கட்ட வேண்டும்.

எனக்கு 73 ஆகிவிட்டது. ஆர்எம்டி தொகையையே ராத்துக்கு மாற்றிவிடலாமா?

முடியாது. அந்த வருட ஆர்எம்டியை முதலில் வெளியே எடுத்து வரி கட்டியாக வேண்டும். அதற்கு மேல் உள்ளதை மாற்றலாம். மாற்றிய பணத்துக்கு உங்கள் ஆயுளில் ஆர்எம்டி கிடையாது. 2024 முதல் ராத் 401கே-க்கும் அப்படியே.

என் ஐஆர்ஏ-வில் ஏற்கெனவே வரி கட்டிய பணமும் இருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் வரி இல்லைதானே?

பாலில் கலந்த தண்ணீரைத் தனியே எடுக்க முடியாது. வரித்துறையான ஐஆர்எஸ்ஸும் அப்படித்தான் பார்க்கிறது. உங்கள் பெயரில் உள்ள ட்ரெடிஷனல் ஐஆர்ஏ, சிறு நிறுவனங்கள் வழியாக வரும் செப், சிம்பிள் ஐஆர்ஏ எல்லாவற்றையும் ஒரே பானையாகக் கூட்டி விகிதம் பார்ப்பார்கள். மொத்தம் 1 லட்சம், அதில் வரி கட்டியது 5,000 என்றால், நீங்கள் 5,000 மாற்றும்போது வரியில்லாதது 250 மட்டுமே. மிச்சம் 4,750-க்கு வரி உண்டு. 401கே இந்தப் பானையில் சேராது, மனைவியின் ஐஆர்ஏ-வும் சேராது.

வரி கட்டிய பணத்துக்கு ஆதாரம் படிவம் 8606. பழைய வருடங்களின் 8606 பிரதிகளைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் கட்டிய வரியையே மறுபடி கட்ட நேரும்.

ஐந்து வருட விதி எனக்கும் உண்டா?

59½ தாண்டியவருக்குப் பாதிதான். மாற்றிய அசலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வரியும் இல்லை, அபராதமும் இல்லை. அசல் போக வளர்ந்த பகுதியை வரியில்லாமல் எடுக்க, உங்கள் முதல் ராத் ஐஆர்ஏ-வில் முதன்முதலாகப் பணம் விழுந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். கடிகாரம் அந்த வருடம் ஜனவரி 1-லிருந்தே ஓடும். இதுவரை ராத்தே இல்லாதவர்கள் சின்னத் தொகையையாவது மாற்றிக் கடிகாரத்தை முடுக்கிவிடலாம்.

மாநில வரி?

ஊருக்கு ஊர் வேறுபடும். டெக்சஸ், ஃபுளோரிடாவில் வருமான வரியே இல்லை. இல்லினாய் ஓய்வுக்கால வருமானத்தை விட்டுவிடுகிறது. கலிஃபோர்னியா விடாது. நியூ ஜெர்சியில் 62 வயதானவர்களுக்கு ஓய்வூதியக் கழிவு தாராளம்தான். ஆனால் மொத்த வருமானம் 1,50,000-ஐத் தாண்டினால் அது மொத்தமாகப் போய்விடும். மத்திய வரிக்கு 12% கோடு போட்ட என் ஊர்க்காரர்கள் இதையும் பார்த்துத்தான் கோடு போட வேண்டும். மகன் வீட்டுக்குப் பக்கத்தில் டாலஸில் குடியேறப்போகிறவர், குடியேறிய பிறகு மாற்றினால் மாநில வரி முழுக்க மிச்சம்.

மாற்றியபின் சந்தை விழுந்துவிட்டால் திருப்பிப் போடலாமா?

2018 முதல் முடியாது. மாற்றினால் மாற்றியதுதான். விழுந்த பிறகு மாற்றுவது நல்ல உத்தி: பங்குகளை விற்காமல் அப்படியே நகர்த்தலாம், அதே வரிக்கு அதிகப் பங்குகள் ராத்துக்குப் போகும். 2022-லும் 2025 ஏப்ரலிலும் அப்படி வாய்ப்பு வந்தது.

பிள்ளைகளுக்கு விட்டுப்போகத்தான் நினைக்கிறேன்.

உங்களுக்குப் பின் பிள்ளைகள் ஐஆர்ஏ-வைப் பத்து வருடத்துக்குள் காலி செய்தாக வேண்டும். 2020 முதல் இதுதான் சட்டம். அப்போது அவர்களுக்கு நாற்பது ஐம்பது வயது இருக்கும், சம்பளம் உச்சத்தில். மகனும் மருமகளும் 32% அடுக்கில் இருந்தால் உங்கள் ஐஆர்ஏ-வில் மூன்றில் ஒரு பங்கு வரிக்கே போகும். ராத்துக்கும் அதே பத்து வருடம்தான், ஆனால் வரி இல்லை. பத்தாவது வருடம் வரை வளரவிட்டு ஒரே தடவையில் எடுக்கலாம்.

யார் இதைச் செய்யவேண்டாம்?

வரி கட்ட வெளியில் பணம் இல்லாதவர். ஐஆர்ஏ சிறியது, பின்னாலும் 12% அடுக்கைத் தாண்ட மாட்டார் என்பவர். கோயிலுக்கோ பள்ளிக்கோ நிறையக் கொடுக்க எண்ணமிருப்பவரும் சேர்த்திதான்: அது அமெரிக்காவில் பதிவுபெற்ற தகுதியுள்ள அறநிறுவனமாக இருந்தால், 70½ வயதுக்குப் பின் ஐஆர்ஏ-விலிருந்து நேரடியாக அனுப்பும் தொகைக்கு வரியே இல்லை. இந்த வருடம் ஆளுக்கு 1,11,000 டாலர் வரை அனுப்பலாம், ஆர்எம்டி கணக்கிலும் சேரும். வரியே இல்லாமல் போகக்கூடிய பணத்துக்கு எதற்கு இப்போது வரி?

கோயம்புத்தூருக்கே திரும்பிவிடலாம் என்றிருக்கிறோம்.

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கும்வரை அமெரிக்காவில் தாக்கல் தொடரும். இந்தியாவில், திரும்பிய முதல் இரண்டு மூன்று வருடம் ஆர்என்ஓஆர் (ரெசிடென்ட்தான், ஆனால் வழக்கமாக வசிக்காதவர்) தகுதி கிடைத்தால், அமெரிக்காவில் சேரும் வருமானத்துக்கு இந்திய வரி இல்லை. அது தீர்ந்து முழு ரெசிடென்ட் ஆனபின் உலக வருமானம் முழுதும் இந்திய வரிக்கு உட்படும். இந்திய விகிதத்தில் 24 லட்ச ரூபாய்க்கு மேலே 30%. இருநாட்டு வரி ஒப்பந்தம் 1989-ல் கையெழுத்தானது, ராத் பிறந்தது 1997-ல். ஒப்பந்தத்தில் ராத் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததில் வியப்பில்லை. 2021-ல் கொண்டுவந்த 89ஏ பிரிவு, கணக்குக்குள் வருடாவருடம் சேரும் வளர்ச்சிக்கான வரியை, எடுக்கும் காலம்வரை தள்ளிவைக்க வழி செய்தது. ராத்தை அமெரிக்கா போல வரியில்லாப் பணமாக ஏற்பது வேறு விஷயம். ஆகவே மாற்றுவதானால் விமானம் ஏறுமுன்போ ஆர்என்ஓஆர் காலத்திலோ முடித்துவிடுவது மேல். இங்கே ஒரு சிபிஏ, அங்கே ஒரு ஆடிட்டர், இருவரையும் ஒரே வீடியோ காலில் உட்கார வையுங்கள்.

தாக்கல் செய்யும்போது எந்தெந்தக் காகிதம்?

ஜனவரி கடைசியில், கணக்கை விட்டு எடுத்த தொகையைக் காட்டும் 1099-ஆர் வரும். அதில் மாற்றிய முழுத்தொகையும் வரிக்குரியதாகவே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பதறவேண்டாம், எவ்வளவுக்கு வரி என்பதை 8606-தான் தீர்மானிக்கும். அந்தத் தொகை, வருமான வரித் தாக்கல் படிவமான 1040-ல் 4ஏ, 4பி வரிசைகளில் ஏறும். மே மாதத்தில் 5498 என்று இன்னொன்று வரும், ராத்தில் பணம் வந்து சேர்ந்ததற்கு அதுதான் சாட்சி. அதைத் தாக்கலோடு அனுப்ப வேண்டியதில்லை. நான் மூன்றையும் 8606-ன் பிரதியோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு, மேலே வருடத்தை எழுதி வைத்துவிடுகிறேன். உறை எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் தெரியும்.